'72 சதவீத முஸ்லிம்கள் ஷரீஅத் கேட்கிறார்கள்' என்று யாராவது சொன்னால், அதை எப்படிப் படிப்பது

இப்படி ஓர் எண் கண்ணில் பட்டால் கோபப்படுவதற்கும் பகிர்வதற்கும் முன்னால் அது எந்த நாட்டு எண், எந்த வருஷத்து எண் என்று பாருங்கள். உலகத்து முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதில் கிடையாது. 2013இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பைத்தான் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். ஷரீஅத்தை, அதாவது இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தை, நாட்டின் சட்டமாக்க வேண்டும் என்றவர்கள் ஆப்கானிஸ்தானில் 99 சதவீதம், பாகிஸ்தானில் 84, துருக்கியில் 12, அஜர்பைஜானில் 8. நேர்காணல்கள் 2008 முதல் 2012 வரை நடந்தவை, ஆனால் இன்றும் நேற்று வந்த செய்தி மாதிரி சுற்றுகின்றன.

அப்புறம், 'ஆமாம்' என்றவர்களிடம் அடுத்து என்ன கேட்டார்கள் என்று தேடுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. எகிப்தில் 74 சதவீதம் பேர், இந்தோனேசியாவில் 72 சதவீதம் பேர் ஷரீஅத் வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்ட ஒரே எண். மதத்தை விட்டு வெளியேறுபவருக்கு மரண தண்டனை கொடுக்கலாமா என்று இவர்களிடமே கேட்டபோது, எகிப்தில் அந்த 74 பேரில் 86 சதவீதம் 'கொடுக்கலாம்' என்றார்கள், இந்தோனேசியாவில் அந்த 72 பேரில் 18 சதவீதம்தான். பெருக்கிப் பாருங்கள்: மொத்த முஸ்லிம்களில் எகிப்தில் நூற்றுக்குச் சுமார் 64 பேர், இந்தோனேசியாவில் 13 பேர். '86 சதவீத எகிப்து முஸ்லிம்கள்' என்று எழுதுபவர் இந்தப் பெருக்கலை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அதற்காக 64ஐச் சின்ன எண் என்று பூசி மெழுகவும் கூடாது, அது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய எண்.

சரி, அப்படியென்றால் 'ஆமாம்' என்று ஏன் சொல்கிறார்கள்? தொழுகை, நோன்பு, ஜகாத் என்னும் கட்டாய தர்மம், நிக்காஹ் என்னும் திருமணம், பாகப்பிரிவினை எல்லாமே ஒரு முஸ்லிமுக்கு ஷரீஅத்துக்குள் வருபவைதான். அப்பா விட்டுப்போன வீட்டைச் சகோதரர்களே வைத்துக்கொண்டார்கள் என்றால், ஷரீஅத்படி மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு உண்டு என்பது அவளுக்கு ஒரு பிடிமானம். மகனுக்குச் சமமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கோ அதே விதி தடை. இரண்டு பேரும் நம்பிக்கை உள்ளவர்களாகவே இருக்கலாம். இதில் யாரும் சவுக்கடியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அதனால் தெரிந்த ஒருவரிடம் நேரில் கேட்பதாக இருந்தால், 'உனக்கு ஷரீஅத் வேண்டுமா' என்று ஆரம்பிக்காதீர்கள். இறைவனின் சட்டம் வேண்டாம் என்று சொல்ல பல நம்பிக்கையாளர்களுக்கு வாய் வராது, எதிர்த்துப் பேசுவதே ஆபத்தான நாட்டில் சொல்லவே வேண்டாம். உங்கள் மகள் தலாக் விவகாரம் வந்தால் யாரிடம் போவீர்கள்? நோன்பு வைக்காதவரைப் போலீஸ் பிடிக்கலாமா? நீங்கள் ஏற்காத பிரிவைச் சேர்ந்த உலமா (மார்க்க அறிஞர்கள்) கையில் அதிகாரம் வந்தால் சம்மதமா? மற்ற மதத்தவருக்கும் இது பொருந்தணுமா? இப்படித் துண்டு துண்டாகக் கேளுங்கள், ஒரே ஆளிடமிருந்து 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் வரும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது.

இந்தியாவில் 2019-20இல் இதே மையம் கேட்டபோது அதுதான் நடந்தது. குடும்ப வழக்குகளுக்கு ஷரீஅத் நீதிமன்றங்களுக்குப் போகும் வாய்ப்பு வேண்டும் என்று 74 சதவீத முஸ்லிம்கள் சொன்னார்கள், முத்தலாக்கை அனுமதிக்கக் கூடாது என்று 56 சதவீதம் பேர் சொன்னார்கள். முத்தலாக்கை எதிர்ப்பதில் பெண்கள் ஆண்களை விட முன்னால் இருந்தார்கள். மார்க்கத்தை விட்டுவிடச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்லி மனைவியை வெளியே அனுப்புவதைத்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

கடைசியாக ஓட்டுப் பெட்டியையும் பாருங்கள். அந்த 72 சதவீத இந்தோனேசியாவில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று நாடாளுமன்றத் தேர்தல்களிலும் அதிக இடம் பிடித்தது மதச்சார்பற்ற தேசியவாதக் கட்சியான பிடிஐபி. விலைவாசி, வேலை, தலைவரின் முகம், இதையெல்லாம் பார்த்துத்தான் அங்கேயும் ஓட்டுப் போடுகிறார்கள். ஆய்வில் சொன்ன பதிலையும் தேர்தலில் போட்ட ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அதற்கப்புறம் பகிர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.