பூமராங் என்றாலே திரும்பி வருமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பூமராங் என்றதும் எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் வேட்டைக்குக் கொண்டுபோன தடிகளில் பெரும்பாலானவை திரும்பி வராது, வரவும் தேவையில்லை, ஏனென்றால் கங்காருவை ஒரே அடியில் சாய்க்க நீளமும் கனமும் வேண்டும், தடி நேராகப் போய்ப் பட வேண்டும். திரும்பி வரும் வகை இலேசானது. அது விளையாட்டுக்கு, எறிந்து பழகுவதற்கு. அப்புறம் வாத்துக்கூட்டத்துக்கு மேலே அதைச் சுழலவிட்டால், பருந்து என்று பயந்து தாழப் பறக்கும் வாத்துகள் மரங்களுக்கு நடுவே கட்டிய வலையில் போய் விழும்.

வெறும் ஆயுதம் என்றும் எழுதாதீர்கள். இரண்டைச் சேர்த்துத் தட்டினால் பாட்டுக்குத் தாளம், விளிம்பை இன்னொரு மரத்தில் வேகமாகத் தேய்த்தால் நெருப்பு, குழி தோண்டவும் தணலைக் கிளறவும் அதே தடிதான்.

பலகையில் வளைவாக அறுத்து எடுத்தது என்பதும் தப்பு. அப்படி அறுத்தால் மர ரேகை குறுக்கே போய், விழுந்த முதல் அடியிலேயே பிளந்துவிடும். அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் இயற்கையாகவே வளைந்திருக்கும் கட்டையைத் தேடி எடுப்பார்கள், ரேகையும் அந்த வளைவோடே ஓடும், போதாத வளைவைத் தணலில் வாட்டிச் சரிசெய்வார்கள்.

ஆஸ்திரேலியா முழுக்க ஒரே பழக்கம் என்பதும் சரியில்லை. டாஸ்மேனியாவில் பூமராங் இல்லை. 'பூமராங்' சிட்னிப் பக்கத்துத் தாருக் மொழிச் சொல். தென்மேற்கில் நூங்கார் மக்கள் 'கைலி' என்பார்கள்.

நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, தமிழர்களின் எறிதடியான வளரி இங்கிருந்துதான் ஆஸ்திரேலியாவுக்குப் போனது என்று அடித்துச் சொல்வது. தென் ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பில் 1970களில் கிடைத்த பூமராங்குகளுக்கு ஏறத்தாழ 10,000 வயது. எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையிலும் எறிதடிகள் இருந்தன. வளரிக்கு இரவல் பெருமை எதற்கு? ஒரு முனை கனமாக, பிறை வடிவில், கெட்டி மரத்திலோ இரும்பிலோ செய்தது அது; இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றிவிட்டு வீசுவார்கள். சின்ன மருதுதான் தனக்கு அதை எறியக் கற்றுத்தந்தார் என்று ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் எழுதினார். 1801-இல் மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையில் அவரும் இருந்தார்.