முதல் வாத்தியத்துக்குத் திரும்பும் ராக் கலைஞர்: தனி ஆல்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து வருடம் ராக் குழுவில் கிட்டார் வாசித்த ஒருவர், சொந்தப் பெயரில் ஆல்பம் போடலாம் என்று உட்காரும்போது, சின்ன வயதில் கற்றுப் பாதியில் விட்ட பியானோவைத் தேடிப் போகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. அதனாலேயே, வழியில் அது கெட்டுப்போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. மேடையில் கிட்டாருக்குக் கைகொடுத்த பழக்கங்களையெல்லாம் பியானோமேல் ஏற்றிவைப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் கையைப் பார்ப்போம். கற்றதை விரல் மறக்காது என்பது பாதி உண்மை. எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை என்பது நினைவிருக்கும், அழுத்தும் பக்குவம் இருக்காது. எலெக்ட்ரிக் கிட்டாரில் லேசாகத் தட்டினாலும் ஆம்ப் அதைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். பியானோவிலோ, கட்டையை எவ்வளவு வேகமாக இறக்குகிறோமோ அவ்வளவுதான் சத்தம். முதல் நாளே நான்கு மணி நேரம் உட்காராதீர்கள். 20 நிமிடம் வாசித்து எழுந்துவிடுங்கள், வலித்தால் அன்றைக்கு மூடிவையுங்கள். கம்பியை மீட்டுவதற்காக வலக்கையில் நகம் வளர்த்திருந்தால் வெட்டிவிடுங்கள். மெதுவாகப் போகும் இடத்தில் நகம் கட்டையில் படும் 'டிக் டிக்' மைக்கில் அப்படியே விழும். ஒரு நல்ல பதிவை நான் அப்படி இழந்திருக்கிறேன்.

அடுத்தது சுருதி. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த பியானோவுக்கு, பதிவுக்கு முந்தின நாள் ஆள் கூப்பிட்டால் போதாது. உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் தளர்ந்து, சுருதி சேர்க்க அளவாக வைக்கும், 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய சுரம் கீழே இறங்கியிருக்கும். ஒரு பக்கத்துக் கம்பிகளை முறுக்கி ஏற்றினால் மொத்த இழுவிசை கூடி, உள்ளிருக்கும் ஒலிப்பலகை அசைந்து கொடுக்கும். முதலில் ஏற்றிய கம்பிகள் மறுபடி இறங்கும். ஓரிரு மாதம் முன்பே ஒருமுறை ஏற்றுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு முறை, பதிவு நாள் காலையில் கடைசியாக ஒரு முறை.

ஆனால் ஆல்பத்தையே சோர்வாக்கும் தவறு வேறு. கிட்டாருக்கு எழுதிய கார்டுகளை (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அப்படியே பியானோவில் வாசிப்பது. ராக் கிட்டாரில் அதிகம் வரும் பவர் கார்டில் இருப்பது ஸ-வும் ப-வும்தான். நடுவிலுள்ள க-வை வேண்டுமென்றே விடுகிறோம், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் அது சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால். பியானோவில் டிஸ்டார்ஷன் இல்லை. அதே ஸ-ப-வை இடக்கையில் தட்டிக்கொண்டே போனால் சதையில்லாத எலும்பு மாதிரி கேட்கும். க-வைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் வலக்கையில், நடு ஸ்தாயியில். கீழ்க் கட்டைகளில் நெருக்கி வைத்தால் குழம்பிப்போகும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: உங்கள் பாட்டின் கடைசி வரியில் மட்டும் அந்தக் க-வை அரைச்சுரம் இறக்குங்கள். பளிச்சென்ற மேஜர் கார்டு சோகமான மைனராகும், ஒரே ஒரு விரல் நகர்ந்ததில் வரியின் முகமே மாறும். குழுவில் இத்தனை வருடம் பாடகரின் குரலுக்கு விட்டுக்கொடுத்த வேலை இது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

வெறுமையாகக் கேட்கிறதே என்று பயந்து டிரம்ஸ், வயலின், கிட்டார் என்று ஒவ்வொன்றாக அடுக்குவதும் வேண்டாம். சிந்தசைசர்களுக்கு நடுவே நின்று பெயர் வாங்கிய ராக் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன், 2017-இல் பியானோவை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் 1982 ஆல்பமான 'நெப்ராஸ்கா'வுக்கு வீட்டிலேயே 4 டிராக் கேசட்டில் மாதிரிப் பதிவு செய்தார். குழுவோடு மறுபடி வாசித்துப் பார்த்தும் சரிவரவில்லை, கடைசியில் அந்தக் கேசட்டே ஆல்பமாக வந்தது. அதனால் வீட்டில் ஃபோனில் பிடித்த முதல் பதிவைக்கூட அழித்துவிடாதீர்கள்.

பதிவின்போது காதில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் டிராக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மூச்சு விட்டு விட்டு வாசிக்கும் பாட்டுக்கு அது வேண்டாம்.

மிக்ஸிங்கில் ராக் பாட்டுக்குப் போடுவதுபோல் கம்ப்ரஸரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியை) அழுத்திப் போட்டால், முதல் 20 நிமிடப் பயிற்சியிலிருந்து விரல் சேர்த்துவைத்த மென்மையெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் இன்னும் மோசம், சுரம் தேய்ந்து அடங்கும் வாலை வெட்டிவிடும். இருக்கை கிறீச்சிட்டால் பதிவுக்கு முன்பே சரிசெய்யுங்கள். பெடலிலிருந்து கால் எடுக்கும்போது எழும் அந்த மெல்லிய மூச்சை மட்டும் இருக்க விடுங்கள்.