அக்குபஞ்சர் ஊசி குத்திக்க போற அன்னிக்கு காபி வேணாங்க

ஏற்காட்டுல இருக்குறவங்ககிட்ட போய் காபி குடிக்காதீங்கன்னு சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், ஆனா இடுப்பு வலின்னு அக்குபஞ்சர் பண்ணிக்க சேலம் இறங்குறீங்கன்னா அன்னிக்கு காலையில மட்டும் டம்ளர தள்ளி வைங்க.

ஏன்னா ஊசி இறங்கி திருகுற எடத்துல அடினோசின்னு உடம்போட வேதிப்பொருள் ஒண்ணு சேருது, அது பக்கத்து நரம்புல தனக்குன்னே இருக்குற எடத்துல, அதாவது ஏ1 ஏற்பியில, போய் உக்காந்து வலிய அடக்குது. 2010ல எலிங்கள வச்சு பாத்தாங்க, அந்த ஏற்பி இல்லாத எலிக்கு ஊசி பலிக்கவே இல்ல. காபில இருக்குற கஃபீன் அதே ஏற்பியில முந்திப்போய் எடம் புடிச்சிக்கும், பஸ்ல துண்டு போடுற மாதிரிதான். எலிக்கு ஆனது நமக்கும் அப்படியே ஆகணும்னு இல்ல, இருந்தாலும் ஒரு வேள காபில என்ன போகப்போகுது. காபி விட்டா தலைய புடிச்சிக்கிற ஆளா இருந்தா அரை டம்ளர் குடிச்சிட்டே போங்க, ஒரு வலிக்கு போய் இன்னொரு வலிய வாங்கிட்டு வராதீங்க.

அடுத்தது மூளை, ஊசி குத்துனா அங்க என்டார்ஃபின் சொரக்குது. என்டார்ஃபின்ங்கறது உடம்பே காய்ச்சிக்கிற அபின்னு வச்சிக்கோங்க. அபின் வகை மருந்த முறிக்கிற நலாக்சோன குடுத்தா ஊசியால கெடச்ச சொகமும் கொறையுதுன்னு 1970கள்லயே பாத்துட்டாங்க. ஊசியில கரண்ட் குடுக்குற எடமா இருந்தா எத்தன ஹெர்ட்ஸ்னு, அதாவது செகண்டுக்கு எத்தன துடிப்புன்னு கேளுங்க, 2 ஹெர்ட்ஸ்ல என்டார்ஃபினும் அதே சாதி என்கெஃபலினும் வருது, 100ல அதே சாதி டைனார்ஃபின் வருதுன்னு பெய்ஜிங்ல ஹான் ஜிஷெங் குழு காட்டியிருக்கு. பேஸ்மேக்கர் வச்சிருந்தா கரண்ட் பக்கமே போகாதீங்க.

நம்ம ஊர்ல ஊசியே இல்லாம வெரல்ல தொட்டு அனுப்புறவங்களும் உண்டு, மேல சொன்னதெல்லாம் ஊசிக்கு பாத்தது, அத இதோட கொழப்பிக்காதீங்க. சும்மா குத்துற பாவ்லா ஊசிக்கும் பல பேருக்கு வலி கொறையுது, நம்பிக்கையும் என்டார்ஃபின சொரக்க வைக்கும், அதனால புடிக்காத ஆளுகிட்ட போயி பல்ல கடிச்சிட்டு படுத்திருக்காதீங்க.

வெறும் வயித்தோட போனா மயக்கம் வரலாம், ரெண்டு இட்லியாவது சாப்டுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திர எடுத்தா முன்னாடியே சொல்லிடுங்க, வலி மாத்திரய நீங்களா நிறுத்தாதீங்க. புது ஊசிய கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. குத்தின எடம் கனமா, லேசா கடுக்குற மாதிரி இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல, சுரீர்னு கரண்ட் அடிச்சாப்ல இழுத்தா உடனே சொல்லுங்க. இருபது முப்பது நிமிசம் படுத்து எந்திரிச்சா சில பேருக்கு தூக்கம் சொக்கும், அந்த நெலமையில பைக்க எடுத்து இருபது கொண்டை ஊசி வளைவ ஏறாதீங்க, பஸ்ஸ புடிங்க.