ஒரே மாதிரி அஞ்சு கடை வெப்சைட்டை டைரக்டரியில ஏத்துறது எப்படி: ஒரு தடவை மாட்டிக்கிட்டவன் சொல்றேன்

சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில டைலர் கடை வெச்சிருக்கிற ஒரு அக்காவுக்கு போன வருஷம் வெப்சைட் செஞ்சு குடுத்தேன். அவங்க பக்கத்துக் கடையில சொல்ல, அந்த அண்ணன் இன்னொருத்தர்கிட்ட சொல்ல, ரெண்டு மாசத்துல கையில அஞ்சு டைலர் கடை. சந்தோஷம்தான். ஆனா அஞ்சுக்கும் ஒரே டெம்ப்ளேட், ஒரே மெரூன் கலர், பிளவுஸ், சுடிதார், ஆல்டரேஷன்னு ஒரே லிஸ்ட், கடை பேரை மட்டும் மாத்தி வேலைய முடிச்சாச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி உக்காந்து அஞ்சையும் ஒரே டைரக்டரியில (கடைங்களை வகை பிரிச்சு லிஸ்ட் போடுற வெப்சைட்), ஒரே அக்கவுன்ட்ல இருந்து, விவரத்தை காப்பி பேஸ்ட் பண்ணி போட்டு, போன் நம்பர் கேட்ட இடத்துல எல்லாம் என் நம்பரையே குடுத்துட்டு தூங்கிட்டேன். திங்கக்கிழமை பாத்தா ஒண்ணுதான் ஏறியிருக்கு. மிச்சம் நாலும் டூப்ளிகேட்னு தூக்கிட்டாங்க.

கோவம் வந்துச்சு, ஆனா அவங்க மேல தப்பில்ல. யாஹூ டைரக்டரி 1994ல ஆரம்பிச்சு 2014 கடைசி வரைக்கும் இருந்துச்சு, டிமோஸ்னு (DMOZ) இன்னொரு டைரக்டரி 1998ல இருந்து 2017 வரைக்கும் சம்பளமில்லாத எடிட்டர்களை வெச்சே ஓடுச்சு, அந்தக் காலத்துலயே ஒரே சைட்டை பேர் மாத்தி மாத்தி அனுப்புனா தள்ளிடுவாங்க. இப்ப பாதி வேலைய மிஷின் பாக்குது, அதுக்கு என் அஞ்சு கடையும் ஒரே கடை அஞ்சு வேஷம் போட்ட மாதிரி தெரிஞ்சிருக்கு. அதனால அஞ்சும் வேற வேற ஆளுன்னு நாமதான் காட்டணும், கீழ இருக்கிறது எல்லாமே அதுக்குத்தான்.

ஸ்டெப் 1: நிஜமாவே தனித்தனி பிசினஸா?

ஒவ்வொரு கிளையன்ட்கிட்டயும் யூஇஎன் நம்பர் (UEN, இங்க ஒவ்வொரு பிசினஸுக்கும் அரசாங்கம் குடுக்கிற அடையாள நம்பர்) வாங்குங்க. பிசினஸ் பதியிற அரசு அமைப்பான அக்ராவுல (ACRA) பதிஞ்ச சாதா பிசினஸ்னா 9 இலக்கம் எழுத்தோட சேத்து, கம்பெனின்னா 10. ரெண்டு கடைக்கு ஒரே யூஇஎன் வந்தா அது ஒரே முதலாளியோட ரெண்டு கிளை, ரெண்டும் வேற வேற இடத்துல இருந்தா ரெண்டு லிஸ்டிங் போடலாம், ஒரே கடைக்குள்ள ரெண்டு பேர்ல ஓடுதுன்னா ஒண்ணு போதும். கூகுள் மேப்ல கடைய காட்டுற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்லயும் இதேதான், ஒரு இடத்துல ஒரு பிசினஸுக்கு ஒரு ப்ரொஃபைல். கடை பேரை போர்டுல இருக்கிற மாதிரியே போடுங்க, பின்னாடி "பெஸ்ட் டைலர் சிங்கப்பூர்"னு வால் ஒட்டாதீங்க, அதை பாத்தே சஸ்பெண்ட் பண்ணுவாங்க.

ஸ்டெப் 2: அட்ரஸ்

சிங்கப்பூர்ல ரொம்ப பேர் சறுக்குறது இங்கதான். நம்ம 6 இலக்க போஸ்டல் கோடு கட்டடத்துக்கு ஒண்ணு. தேக்கா சென்டர் 665 பஃபலோ ரோடு, போஸ்டல் கோடு 210665. கடைசி மூணு இலக்கம் பிளாக் நம்பராவே இருக்கு பாருங்க, எச்டிபி (அரசு வீடமைப்புக் கழகம்) பிளாக் நிறையவே இப்படித்தான். அப்ப அந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாக் கடைக்கும் தெரு, பிளாக், போஸ்டல் கோடு மூணும் ஒண்ணு, பிரிச்சு காட்ட யூனிட் நம்பர் மட்டும்தான் இருக்கு, நானோ அதை போடவே இல்ல! # போட்டு மாடி நம்பர், அப்புறம் ஒரு சின்னக் கோடு (-), அப்புறம் கடை நம்பர், ரெண்டாவது அட்ரஸ் வரியில. சில ஃபாரம் # குறியை எடுத்துக்காது, குறி இல்லாம மாடி நம்பர்ல இருந்து, அதாவது 02ல இருந்து, ஆரம்பிச்சு போடுங்க. ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை, ஊர்ல முதல் மாடின்னு சொல்றதுதான் இங்க 02.

ஸ்டெப் 3: போன்

கடைக்காரர் நம்பர் மட்டும். 6ல ஆரம்பிக்கிற லேண்ட்லைனோ, 8, 9ல ஆரம்பிக்கிற கைபேசியோ, எதுவா இருந்தாலும் அவங்களோடது. என் நம்பர் குடுத்ததால வெரிஃபிகேஷன் கால் நான் எம்ஆர்டி ரயில்ல நெரிசல்ல நிக்கும்போது வந்துச்சு, எந்தக் கடைன்னு கேட்டாங்க, எனக்கே தெரியல.

ஸ்டெப் 4: விவரம் எழுதுறது

இதுக்கு நேரம் செலவழிங்க. நான் மறுபடி ஒவ்வொரு கடைக்கும் போய் ஸ்டூல்ல உக்காந்து ஒரே கேள்விதான் கேட்டேன், "உங்ககிட்ட வர்றவங்க எதுக்காக பக்கத்துக் கடைய தாண்டி வர்றாங்க?" அக்கா கடையில கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க். பக்கத்து அண்ணன் பரதநாட்டிய டிரெஸ் தைக்கிறாரு, பிள்ளைங்க அரங்கேற்றம்னா அவர்கிட்டதான் வருவாங்களாம். மூணாவது கடையில சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சு குஞ்சம் கட்டுறது. நாலாவது அண்ணன் பேன்ட் கீழ மடிச்சு தைக்கிறதுலயே வாடகை கட்டிடுறேன்னு சிரிக்கிறாரு. இவ்ளோ வித்தியாசத்தை வெச்சுக்கிட்டு நான் அஞ்சு பேருக்கும் "தரமான சேவை, நியாயமான விலை"ன்னு எழுதியிருக்கேன், சொல்லவே வெக்கமா இருக்கு.

கேட்டதை கடைக்காரர் பேசுன மாதிரியே 4, 5 வரியில எழுதுங்க. கூகுள்ல விவரத்துக்கு 750 எழுத்துதான் இடம். தமிழ்ல எழுதுனா கொம்பு, காலு, புள்ளி எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தனியா எண்ணும், "தமிழ்"ங்கிற மூணெழுத்தே அதுக்கு 5. அதனால சுருக்கமா.

இதே விஷயத்தை வெப்சைட்லயும் மாத்துங்க. டைரக்டரி ஆளு லிங்க்கை அமுக்கி பாப்பாரு, உள்ள போனா அஞ்சும் ஒரே முகப்புப் பக்கம்னா போட்ட விவரம் வீண். டெம்ப்ளேட் அதேவா இருக்கட்டும் பரவால்ல, எழுத்தும் போட்டோவும் அந்தக் கடையோடதா இருக்கணும். அடியில காப்பிரைட் வரியையும் பாருங்க, என் மூணாவது சைட்ல முதல் கடை பேரே இருந்துச்சு.

ஸ்டெப் 5: கேட்டகரி

எல்லாரையும் "டைலர்"ல தள்ளாதீங்க. கூகுள்ல முக்கிய கேட்டகரி ஒண்ணு, கூட 9 வரைக்கும் சேக்கலாம், ஆனா 2, 3 போதும். ஆல்டரேஷன் கடைக்கு ஆல்டரேஷனே முக்கியமா வரட்டும்.

ஸ்டெப் 6: அக்கவுன்ட் யாரோடது

கடைக்காரர் ஈமெயில்ல திறங்க, உங்களை மேனேஜரா சேத்துக்கச் சொல்லுங்க. நாளைக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரலன்னா லிஸ்டிங் அவர்கிட்ட இருக்கணும், அதான் நியாயம். பாஸ்வேர்டை அவங்களையே ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லிடுங்க, இல்லன்னா மாசா மாசம் உங்களுக்குத்தான் போன் வரும்.

ஸ்டெப் 7: மெதுவா போடுங்க

ஒரு நாளைக்கு ஒரு கடை. ஒரு ஷீட் திறந்து கடை பேர், யூஇஎன், யூனிட் நம்பர், எந்த டைரக்டரி, என்னிக்கு போட்டது, என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி வெச்சுக்குங்க. நடுவுல யாராவது முப்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 500 டைரக்டரியில போட்டுத் தர்றேன்னு மெசேஜ் அனுப்புவாங்க, பதில் போடாதீங்க. தரமில்லாத டைரக்டரி லிங்க்கை எல்லாம் கூகுள் ஸ்பேம்னுதான் பாக்குது, 2012ல பெங்குவின்னு கூகுள் தேடல் முறைய மாத்துன அப்டேட் வந்தப்பவே இந்த மாதிரி லிங்க் வாங்குன நிறைய சைட் அடி வாங்குச்சு.

ஸ்டெப் 8: ரிஜெக்ட் ஆனா

உடனே புதுசா இன்னொண்ணு போடாதீங்க, அப்ப நிஜமாவே டூப்ளிகேட் ஆயிடும். பழைய லிஸ்டிங்கையே திருத்தி, யூஇஎன், யூனிட் நம்பரோட கடை போர்டு தெரியிற போட்டோ ஒண்ணு வெச்சு, இது தனிக் கடைன்னு ரெண்டு வரி மரியாதையா எழுதி அனுப்புங்க. எனக்கு மூணு கடை அப்படித்தான் திரும்ப ஏறுச்சு.

அஞ்சாவது கடை அண்ணன் மட்டும் இன்னும் போர்டு போட்டோ அனுப்பல. தீபாவளி பிளவுஸ் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, அதை முடிச்சுட்டு பாக்கலாம் தம்பின்னுட்டாரு.