களத்து கேமராவில் வித்தியாசமான நடமாட்டத்தைப் பிடிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் களம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் ஆட்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள், அதே நடை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால்தான் சந்தேகம். அதனால் திருடன் எப்படி நடப்பான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரப் போகாதீர்கள், உங்கள் களத்தின் அன்றாட நடையைப் பழக்குங்கள்.

இதற்கு இரண்டு மென்பொருள்கள்: யோலோ (YOLO) படத்தில் ஆளைக் கண்டுபிடிக்கும், பைட்ட்ராக் (ByteTrack) ஆளுக்கொரு எண் கொடுத்துத் தொடரும். கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படங்கள், தந்தாலும் 5 போதும், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நடக்கிற ஆள் ஏறக்குறைய ஓர் அடிதான் நகர்வார். ஆளைச் சுற்றி விழும் கட்டத்தின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள்: தலையில் மூட்டை ஏறியதும் கட்டம் உயரும், ஆள் அசையாமல் நின்றாலும் புள்ளி மேலே போய்விடும். கட்டத்தின் அடிக்கோட்டு நடுதான் வேண்டும், பாதம் படுகிற இடம். மூட்டை அட்டிக்குப் பின்னால் போய் இடுப்புவரை மட்டும் தெரிந்தால் அதுவும் ஏமாற்றும், அந்த மூலையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அப்புறம் டேப் பிடித்துத் தரையில் நான்கு புள்ளிகளை அளந்து ஹோமோகிராஃபி போடுங்கள், படத்துப் புள்ளியைத் தரையின் மீட்டர் கணக்குக்கு மாற்றுகிற கணக்கு அது. இதை விட்டால் தூரத்தில் ஓடுபவரும் பக்கத்தில் மெல்ல நடப்பவரும் பிக்சல் கணக்கில் ஒன்றாகிவிடுவார்கள்.

சரி, ஒவ்வொருவரும் நடந்த தடம் மீட்டரில் வந்தாயிற்று. ஒவ்வொன்றையும் சம தூர இடைவெளியில் 32 புள்ளிகளாக்கி டிபிஸ்கேன் (DBSCAN) என்ற கூட்டம் பிரிக்கும் முறையில் போட்டால் ஒத்த தடங்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும், எதிலும் ஒட்டாதது விலகல். ஆனால் இப்படிச் செய்யும்போது நேரம் தொலைந்துவிடுகிறது, அட்டி ஓரம் பத்து நிமிஷம் நின்றவரும் நிற்காமல் போனவரும் ஒரே கோடுதான். வேகம், நின்ற நேரம், கடிகார மணி மூன்றையும் கூடவே வைத்திருங்கள். நான் அதிகம் நம்புவது நின்ற நேரத்தை.

ஐப்பசி மழையில் களம் காலியாகக் கிடந்தபோது பழக்கியது தை, மாசியில் சம்பா நெல் வந்து ராத்திரியும் லாரி நிற்கும்போது உதவாது, பருவத்துக்குப் பருவம் புதிதாகப் பழக்க வேண்டும். கேமரா முன்னால் சிலந்தி வலையையும் துடைத்துவிடுங்கள்.

முகம் யாருடையது என்று தெரியவே வேண்டாம், தடம் போதும். விலகல் என்று வந்தவர் வயிற்றுவலியில் உட்கார்ந்துவிட்ட சுமைக்காரராகவும் இருக்கலாம். அலாரம் அடித்தால் காவல்காரர் விசிலை எடுக்காமல் டார்ச்சோடு போய், "என்னண்ணே, உட்கார்ந்துட்டீங்க?" என்று முதலில் கேட்கட்டும்.