பெர்மிட் முடிய 12 நாள் இருந்தபோது

சீனாவில் பழைய கம்பெனியை விட்டபோது என் ரெசிடென்ஸ் பெர்மிட் (அங்கே வசிப்பதற்கான அனுமதி) முடிய 12 நாள்தான் பாக்கி. புதிய கம்பெனியின் வேலை அனுமதி வரவில்லை. நீட்டிக்க 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்தக் கெடு தாண்டிவிட்டது. அனுமதியின்றித் தங்கினால் நாளுக்கு 500 யுவான் வீதம் 10,000 வரை அபராதம் போடலாம். இரண்டு இரவு தூக்கமே இல்லை.

வழி இருந்தது. காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் 30 நாள் தற்காலிகத் தங்கல் அனுமதி கேட்கலாம். பழைய கம்பெனியிடம் விலகல் சான்றிதழும், வேலை அனுமதி ரத்தான தாளும் வாங்கினேன். இவை கைக்கு வராமல் வேலையை விடாதீர்கள், தயவுசெய்து.

ஆனாலும் முதல் நாள் என் விண்ணப்பத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு மாறியிருந்தேன், முகவரிப் பதிவுச் சீட்டு பழையது. மாறிய 24 மணி நேரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். சரி என்று பகுதிக் காவல் நிலையத்துக்கு ஓடி, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, புதுச் சீட்டு வாங்கினேன். மறுநாள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு ரசீது தந்தார்கள். அது செல்லுபடியாகும்வரை சீனாவில் சட்டப்படி இருக்கலாம். அப்புறம் தங்கல் அனுமதி கிடைத்து, அந்த 30 நாளுக்குள் புதிய கம்பெனியின் வேலை அனுமதியும் வந்தது. புதிய பெர்மிட்டுக்கு அதே கவுண்டரில் நின்றேன்.