சைவமும் வீகனும்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

விருந்துக்கு வருபவர் "நான் வீகன்" (பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காதவர்) என்றால், நம் வீடுகளில் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "நாங்களும் சுத்த சைவம்தாங்க, கவலையே படாதீங்க." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இலையில் தயிர்ப் பச்சடி இருக்கும், பருப்பின் மேல் நெய் இருக்கும், பாயசம் பாலில் கொதித்திருக்கும். ரசத்தையும் நெய்யில் தாளித்திருந்தால், வந்தவருக்கு வெறும் சோறும் பொரியலும்தான் மிச்சம்.

வீகனை "இன்னும் கறாரான சைவம்" என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சைவ உணவுக்காரர் பார்ப்பது தட்டில் கறியோ மீனோ இருக்கிறதா என்பதை. நம் ஊரில் முட்டையும் அந்தக் கணக்கில் சேரும். மேலை நாடுகளில் முட்டை சாப்பிடுபவரையும் சைவத்தில்தான் சேர்ப்பார்கள். வீகன் கேட்பது வேறு கேள்வி: இதற்காக ஏதாவது ஒரு விலங்கைப் பயன்படுத்தினார்களா? இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் 1847-லேயே தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் பாலையும் முட்டையையும் விட்டவர்கள், டொனால்ட் வாட்சன் முன்னின்று நடத்த, 1944-ல் தனியாக வீகன் சங்கம் தொடங்கினார்கள். கேள்வி வேறாக இருந்ததால்தான் சங்கமும் வேறானது.

"பால் கறந்தால் மாடு செத்தா போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. கன்று போட்டால்தான் மாடு பால் தரும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அதை வளர்த்து என்ன செய்வது என்று பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்குத் தெரியாது. பால் வற்றிய மாட்டுக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. இரண்டும் கடைசியில் எங்கே போகும் என்பது மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பாலும் இறைச்சியும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள் என்பது வீகன்களின் வாதம். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அவர் ஏன் மோரைக்கூட வேண்டாம் என்கிறார் என்பதாவது இதில் புரியும்.

அதனால்தான் "கொஞ்சூண்டு நெய்தானே, தெரியவா போகிறது" என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கறிக்குழம்பில் துண்டை மட்டும் எடுத்துவிட்டுச் சைவக்காரர் சோற்றில் குழம்பை ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். தெரியாமல் நடந்தால் பரவாயில்லை. தெரிந்தே மறைத்துப் போடாதீர்கள்.

தெரியாமல் நுழையும் இடங்கள் நம் சமையலில் நிறைய உண்டு. மோர் மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, ஆனாலும் வத்தக்குழம்போடு அதை யோசிக்காமல் வைத்துவிடுவோம். வெண்பொங்கலில் நெய், ரவா தோசை மாவில் மோர், ஹோட்டல் பொடி இட்லியில் நெய், பன்னிலும் பிஸ்கட்டிலும் பால் பவுடர். சில கடைகளில் பரோட்டா மாவில் பாலும் முட்டையும் சேர்ப்பார்கள். மறுபக்கம், வீகனுக்காகப் புதிதாக ஒன்றும் சமைக்க வேண்டியதில்லை. இட்லி, நல்லெண்ணெய் ஊற்றிய தோசை, அடை, புளியோதரை, சுண்டல், கடலை மிட்டாய், ஆப்பமும் தேங்காய்ப்பாலும், திருநெல்வேலிச் சொதி, வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்ட பாயசம் என்று ஒரு முழு விருந்தே நம்மிடம் இருக்கிறது.

அப்புறம், பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி. அது வீகன் முத்திரை அல்ல. பாலும் தேனும் இருந்தாலும் பச்சைப் புள்ளி உண்டு. வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. அதற்கான சின்னத்தில் பச்சை நிறத்தில் 'வி' எழுத்து இருக்கும். அது இல்லாவிட்டால் பின்பக்கம் திருப்பி, பால் புரதம், வே பவுடர் (பால் திரிந்த நீரின் பொடி), தேன் என்று இருக்கிறதா எனப் படிப்பதுதான் வழி.

சைவக்காரர்களும் சில இடங்களில் ஏமாறுவார்கள். இத்தாலியின் அசல் பர்மேசான் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது. ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரைக் கூடுகளிலும் இருக்கும். இ120 என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுப்பது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வெறும் கீரை வதக்கல் கேட்டாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டோடு வீகன் முடிவதில்லை. தோல் செருப்பு, கம்பளி, பட்டு எல்லாமே அதில் வரும். பட்டு நூல் அறுபடாமல் வர வேண்டுமென்றால் புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வேக வைக்க வேண்டும். வீகன் மருமகளுக்குக் காஞ்சிப் பட்டு எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நல்ல செட்டிநாட்டுக் கண்டாங்கி பருத்தியிலேயே கிடைக்கும். இதில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஜெலட்டின் கூட்டில் வரும் மருந்தை ஒருவர் விழுங்கினால் "நீயெல்லாம் வீகனா?" என்று மடக்குவது. முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுக்கு என்றுதான் வீகன் சங்கமே வரையறுத்திருக்கிறது.

பாலை விடுபவர்கள் செய்யும் பெரிய தவறு வைட்டமின் பி12-ஐ மறப்பது. இதை அழுத்திச் சொல்கிறேன். சைவக்காரருக்குப் பால், தயிர் மூலம் ஓரளவு கிடைக்கும். செடிகொடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காது. புளித்த இட்லி மாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசியில் இருக்கிறது என்று பரவும் பேச்சை நம்பி இருக்காதீர்கள். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் ஓட்டிவிடும் என்பதால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பிறகுதான் அசதி, கைகால் மரத்துப்போவது, மறதி எல்லாம் வரும். கீரையில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம். அதே நேரம் நரம்பு பாதிப்பு உள்ளே தொடரும். பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ வீகனுக்குக் கட்டாயம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் பேசி அளவை முடிவு செய்ய வேண்டும்.

எல்லாத் தாவரப் பாலும் ஒன்றல்ல. ஒரு டம்ளர் பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதம். சோயா பால் கிட்டத்தட்ட அதை எட்டும், கடையில் விற்கும் பாதாம் பாலில் 1 கிராம் அளவுதான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு ராகி, எள், முருங்கைக்கீரை இருக்கின்றன. பசலைக்கீரையை நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது.

கடைசியாக, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வீகன் சாக்லேட் வாங்கும்போது முத்திரையோடு நின்றுவிடாதீர்கள். அதே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் செய்திருக்கலாம். "பால் கலந்திருக்க வாய்ப்புண்டு" என்ற வரி அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கலாம். அது இருந்தால் வாங்காதீர்கள்.